நாக்குக்கு ஒரு பக்கம் தோல்

சாவிதானே? தரேன் பாதிரியாரே. தரமாட்டேன்னு சொல்லலியே. மொதல்ல மூச்சு விடுங்க. அந்தப் படிக்கட்டு சுத்திச் சுத்தி வந்து ஆளை மயக்கிடும், மேல வந்து நின்னா எதுக்கு ஏறினோம்ங்கறதே மறந்துபோகும். உங்களுக்கு மறக்கலை போலிருக்கு. சரி.

அந்த நாற்காலி வேணாம், அது பெர்சியோடது. பெரிய மணி இழுக்கறவரு. ஊர்ல இருக்கற குழாயெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு ரிப்பேர் பாத்து இடுப்பு போச்சு, அவரு உக்காந்து உக்காந்து நாற்காலியும் அதே பக்கமா சாஞ்சுடுச்சு. இந்த பெஞ்சுல உக்காருங்க. டீ ஊத்தறேன். ராத்திரி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை, காலைல வந்து படுத்தா எங்க தூக்கம் வருது? ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துட்டேன். சர்க்கரை? வேணாமா. இந்தக் காலத்துப் பாதிரியாருங்களுக்கு சர்க்கரையும் ஆகாது, நரகமும் ஆகாது.

ஆமா, புகார். பொண்ணோட தங்கச்சி குடுத்ததுதானே? படிச்சுக் காட்ட வேணாம், நானே சொல்றேன். சனிக்கிழமை எங்க அக்காவுக்குக் கல்யாணம். பொன்னான நாள். அன்னைக்குப் போயி கோயில் மணி எழவு மணி மாதிரி அடிச்சுது. இதுக்குப் பொறுப்பானவங்ககிட்டேருந்து மணிக்கூண்டுச் சாவிய வாங்கிடணும். ஆழ்ந்த வருத்தத்துடன், இப்படிக்கு. சரியா? பாத்தீங்களா. அந்த ஆழ்ந்த வருத்தம் இல்லாம இருக்காதே. நம்ம ஜனத்துக்குக் கோவமே வராது பாதிரியாரே. வருத்தம்தான் வரும். அதுவும் ஆழ்ந்து வரும்.

பொறுப்பு நான்தான். வேற யாரையும் தேட வேணாம். ஆல்டர்கோட் மணிக்கூண்டுக்குத் தலைவி டோரின் பாஷம். இந்தச் சாவி என் கழுத்துல தொங்கற வரைக்கும்தான் அந்தத் தலைவி. கழட்டிட்டா நான் சலவைக்காரி, ராத்திரில மத்தவங்க படுக்கை விரிப்பைத் துவைச்சுட்டு பகல்ல தன் படுக்கையில தூங்காதவ. இந்த ஊர்ல எனக்குன்னு மிச்சம் இருக்கறது மேல தொங்கற ஆறு மணியும் இந்தச் சாவியும்தான். பாவம் பாருங்கன்னு சொல்லலை. சும்மா ஒரு தகவலுக்கு.

மணி அடிக்கறதைப் பத்தி உங்களுக்கு அங்க ஏதாவது சொல்லித்தந்தாங்களா, பாதிரியார் படிப்புல? இல்ல. கிதார் சொல்லித்தந்திருப்பாங்க. அப்ப கேளுங்க. மணிக்குள்ள நாக்கு தொங்குதுல்ல, அதுக்கு ஒரு பக்கம் மட்டும் தோலை வச்சுக் கட்டுவோம். அப்ப ஒரு அடி கணீர்னு விழும். அடுத்த அடி, கெணத்துக்குள்ளேருந்து யாரோ பதில் சொல்ற மாதிரி அமுங்கி வரும். கணீர். ம்ம். கணீர். ம்ம். செத்தவங்களை நெனைக்கும்போது அப்படி அடிக்கறது. ரெண்டு பக்கமும் கட்டினா மொத்தமா அமுங்கிடும், ஆனா அந்த மரியாதை எல்லாருக்கும் கெடையாது. ராஜா போனா, பேராயர் போனா, இல்ல பதவில இருக்கும்போதே பாதிரியார் போனா. உங்களுக்கு உண்டு, கவலைய விடுங்க. எனக்கெல்லாம் ஒரு பக்கம்தான்.

சனிக்கிழமை ஒரு பக்கம் கட்டியிருந்துச்சு. கல்யாணத்துக்கு. ஆமாமா, அதான் கேள்வி. வரேன்.

தப்பு என் மேல இல்ல, நவம்பர் மேல. சிரிக்காதீங்க. மத்த மாசமெல்லாம் நம்ம ஜனம் ஏதோ பொழைச்சுக் கெடக்குது. நவம்பர் பொறந்தா போதும், செத்தவங்களுக்கே நேரம் சரியாப் போகுது. கீழ வாசல் மண்டபத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கே, இந்த மாதம் நம் வரலாறுன்னு தலைப்புப் போட்டு? பாத்திருப்பீங்க. ஊர் வரலாற்றுக் கழகத் தலைவர் நைஜல் தர்ஸ்டன் ஒட்டறது. அவரேதான். சனிக்கிழமை மாப்பிள்ளை. மாசம் தவறினாலும் தாள் தவறாது. கல்யாணத்துக்கு மொத நாள்கூட வந்து, மழையில ஒரு மூலை பிஞ்சிருந்ததை ஒட்டிட்டுப் போனாரு. கடமை.

அந்தத் தாளைப் படிச்சுப் பாருங்க. அஞ்சாம் தேதி. ஒருத்தன் பார்லிமென்ட்டுக்கு அடியில வெடிமருந்தை அடுக்கிட்டு, திரியைப் பத்தவைக்கறதுக்கு முன்னாடியே மாட்டிக்கிட்டான். ஆயிரத்து அறுநூத்தி அஞ்சுல. அவன் வைக்காத நெருப்பை நாம அன்னைலேருந்து வருஷா வருஷம் வச்சுக்கிட்டிருக்கோம். வைக்கோல் பொம்மை எரியுது, கையில பாதி வெந்த சாசேஜ், மழைத் தூத்தல்ல நின்னுக்கிட்டு ஆஹாங்கறோம், ஓஹோங்கறோம். எடுத்த காரியத்தை முடிக்காதவனை நானூறு வருஷமா இப்படித் தூக்கிவச்சு ஆடற ஊரு வேற எங்கயாவது உண்டா? அதே அஞ்சாம் தேதி இன்னொண்ணும் நடந்துச்சு, எம்பத்திமூணு வருஷம் கழிச்சு. ஹாலந்துலேருந்து மருமகன் படையோட வந்து எறங்கி, மாமனாரைத் துரத்திட்டு ராஜாவாயிட்டான். அதுக்கு ஒரு மத்தாப்புகூடக் கெடையாது. மருமகன் வந்து மாமனார் வீட்டைப் புடுங்கறது எல்லா வீட்லயும் நடக்கறதுதானே, அதுல என்ன விசேஷம்.

பதினொண்ணு போர்ல செத்தவங்களோட நாள், அதைப் பத்தி நக்கல் பண்ணமாட்டேன். வெளிய கல்லுல ஏழாவது வரியில இருக்கறது எங்க பாட்டனோட அண்ணன். ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு நிக்கறோம். வருஷத்துல நாம பேசறதுலயே உருப்படியான ரெண்டு நிமிஷம் அதுதான்.

பதினேழு. இது எனக்குப் புடிச்சது. அக்கா மேரி ராணி காலைல கண்ணை மூடினா, தங்கச்சி எலிசபெத் ராணியாயிட்டா. லண்டன்ல இருக்கற மணியெல்லாம் அடிச்சுது. யாருக்கு அடிச்சுது? போனவளுக்கா வந்தவளுக்கா? மூத்தவ படுக்கையில சூடு ஆறலை, அதுக்குள்ள இளையவளுக்குத் தெருவுல சாப்பாடு போட்டுக் கொண்டாட்டம். அன்னைக்கு ஒருத்தராவது நாக்குக்கு ஒரு பக்கம் தோல் கட்டினாங்களான்னு தாள்ல போடலை. கட்டியிருக்க மாட்டாங்க.

இன்னைக்குத் தேதி என்ன, இருபதா? இன்னைக்கும் இருக்கு. நம்ம பழைய ராணியம்மா கல்யாண நாள். சரியா அதே தேதியில, பல வருஷம் கழிச்சு, அவங்க வின்ட்சர் கோட்டை தீப்புடிச்சு எரிஞ்சுது. டிவியில காட்டினாங்க, நீங்க அப்ப பொறந்திருக்கவே மாட்டீங்க. மழைக் கோட்டைப் போட்டுக்கிட்டு அந்தம்மா தனியா நின்னு பாத்தாங்க. கல்யாண நாள் அன்னைக்கு வீடு பத்தி எரியறது அரண்மனையிலயும் நடக்குதுன்னு நமக்கெல்லாம் ஒரு ஆறுதல்.

இருபத்தஞ்சு வெள்ளைக் கப்பல். ராஜாவோட மகன், கூட வந்தவங்க, கப்பல்காரங்க, எல்லாரும் மூக்கு முட்டக் குடிச்சுட்டு ராத்திரில கப்பலை விட்டாங்க. கரையைத் தாண்டல, பாறையில மோதி முங்கிடுச்சு. ஒரு கசாப்புக்காரன் மட்டும் பொழைச்சான். ராஜா அதுக்கப்புறம் சாகற வரைக்கும் சிரிக்கலையாம். ராஜா கதைய எல்லாரும் சொல்றாங்க. கசாப்புக்காரன் அப்புறம் எப்படி இருந்தான்னு எவனாவது சொல்றானா? அவன் சிரிச்சானா, தூங்கினானா? பொழைச்சவங்களுக்கு நம்ம தாள்ல எடம் கெடையாது பாதிரியாரே.

இருபத்தாறு பெரும்புயல். நடுக்கடல்ல கலங்கரை விளக்கம் கட்டினாரு ஒருத்தரு. தான் கட்டினது மேல அவ்வளவு நம்பிக்கை. இதுவரைக்கும் வராத புயல் ஒண்ணு வரணும், அன்னைக்கு நான் அதுக்குள்ள இருக்கணும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. கடவுள் காதுல விழுந்துடுச்சு. காலைல பாத்தா விளக்கமும் இல்ல, ஆளும் இல்ல. தான் கட்டினது நிக்கும்னு நம்பறவங்களை நான் கிண்டல் பண்ணமாட்டேன். நானும் அந்த ஜாதிதான்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா? படிச்சதில்ல. காதுல விழுந்தது. பல வருஷம், காலை டோஸ்ட்டோட சேத்துத் தின்னது.

இப்பப் புரியுதா? இத்தனை நாள், இத்தனை சாவு. பதினொண்ணுக்கும் மறுநாள் ஞாயித்துக்கிழமைக்கும் கட்டின தோலைக் கழட்ட மறந்துட்டேன். வயசாச்சு, தூக்கம் இல்ல. அவ்வளவுதான் விஷயம். மன்னிப்புக் கேட்டுடறேன், அவங்களும் ஆழ்ந்த வருத்தத்தைத் திருப்பி எடுத்துக்கட்டும்.

என்னது? பெர்சி சொன்னாரா? நடுவுல புதன்கிழமைப் பயிற்சில கணீர்னுதான் அடிச்சுதுன்னு? பாதிரியாரே, அவருக்குக் காதே கேக்காது! இடி விழுந்தா யாரு கதவைத் தட்டறதும்பாரு. கேக்குதாமா? காதுக்குப் புது மெஷினா. ஹூம். அந்த மெஷினுக்கு வரமாட்டேன் வரமாட்டேன்னவரை பஸ்ல ஏத்திக் கூட்டிட்டுப் போனவ நான்தான். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான்.

சரி. மறக்கலை. சனிக்கிழமை காலைல நானே ஏணி போட்டு ஏறி, ஆறு நாக்குக்கும் ஒவ்வொண்ணா கட்டினேன். நல்லா இறுக்கி. டீ ஆறுது, குடிங்க.

ஏன்னு அப்புறம் கேளுங்க. மொதல்ல கீழ என்ன நடந்ததுன்னு சொல்றேன். நீங்கதான் உள்ள காகிதத்தையெல்லாம் கட்டி வச்சுக்கிட்டிருந்தீங்களே, பாத்திருக்க மாட்டீங்க. பாக்காம போனது உங்க துரதிர்ஷ்டம்.

நான் அன்னைக்குக் கயிறு புடிக்கலை. என் கயித்தைத் தபால்கார மோ புடிச்சா. நான் இந்த ஜன்னல்ல நின்னேன். திறந்துதான் வச்சிருந்தேன். நேரா கீழதான் வாசல். பொண்ணும் மாப்பிள்ளையும் வெளிய வராங்க. பெலிண்டா நல்லாத்தான் இருந்தா, பொய் சொல்லக்கூடாது. அம்பது தாண்டினவளுக்கு அந்த வெளிர்நீலம் எடுப்பா இருந்துச்சு. அவ மேல எனக்கு ஒண்ணும் இல்ல. என் பூனைக்குக் கண்ணு வீங்கினப்ப ஞாயித்துக்கிழமைகூடப் பாக்காம வைத்தியம் பாத்தவ. எல்லாரும் கை நெறைய வண்ணக் காகிதத்தைப் பொடிப்பொடியா வச்சுக்கிட்டு எறியத் தயாரா நிக்கறாங்க. போட்டோக்காரன் மண்டி போட்டுட்டான். நான் கையைக் காட்டினேன். மோ இழுத்தா.

மொத சுத்து கணீர்னு விழுந்துச்சு. எல்லா மூஞ்சியும் சிரிக்குது. அடுத்த சுத்து, ம்ம். சிரிப்பு பாதியில நின்னுடுச்சு. மறுபடி கணீர். மறுபடி ம்ம். கூட்டத்துல ஒரு பெரியவரு, போன வாரம் போர்ல செத்தவங்களுக்காகக் குத்தின சிவப்புக் காகிதப் பூவை இன்னும் கோட்டுலேருந்து எடுக்கலை, அவரு மெதுவா தொப்பியைக் கழட்டினாரு. பக்கத்துல நின்னவரு அவரைப் பாத்தாரு. அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு இவரும் கழட்டினாரு. இவருக்குத் தெரிஞ்சிருக்குன்னு அடுத்தவரு. அப்படியே வாசல்லேருந்து கேட்டு வரைக்கும் தொப்பி எறங்கிக்கிட்டே போச்சு. இன்னைக்கு யாருக்குன்னு வாயைத் திறந்து கேட்டா முடிஞ்சுது. கேப்பாங்களா? எனக்குத் தெரியாதுன்னு ஒத்துக்கறதுக்கு நம்மாளு அங்கயே செத்து விழுவான். போட்டோக்காரன் கேமராவை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டான். ஒரு நாய் கொலைச்சுது, நாலு பேரு உஸ்ஸுன்னு அதட்டினாங்க. பொண்ணு பூச்செண்டை வயித்தோட சேத்துப் புடிச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சா. புடிச்ச கையிலேருந்து காகிதப் பொடி தானா உதிருது. ஒரு கல்யாணக் கூட்டமே நின்னு மௌன அஞ்சலி செலுத்துது பாதிரியாரே, யாருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாம!

சிரிங்க. பரவால்ல. நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. மோ அதைச் சிரிப்புன்னுதான் நெனச்சா.

அப்புறம்தான் அந்தத் தங்கச்சிக்காரி. அவ மட்டும் தாங்கமாட்டாம மாப்பிள்ளைகிட்ட சத்தமாவே கேக்கறா, அத்தான், இன்னைக்கு யாரோட நாளுன்னு. ஊர் அடங்கி நிக்குதா, மணி அமுங்கற சுத்துல மேல வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு. மத்தவங்களும் காதைத் தீட்டிக்கிட்டாங்க. கழகத் தலைவரைத்தானே கேட்டிருக்கா. ஊருக்கே தேதி சொல்றவரு.

நைஜல் கண்ணை மேல சொருகினாரு. அந்த மூஞ்சி எனக்கு நல்லாத் தெரியும். ஒதடு மட்டும் லேசா அசையும், உள்ளுக்குள்ள வருஷம் வருஷமாப் புரட்டிக்கிட்டுப் போவாரு. ஒரு தேதியைச் சொன்னா போதும், ஜாதகம் பாக்கற மாதிரி. நான் ஜன்னலைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். மணி அடிக்குது. கணீர். ம்ம். நவம்பர் பதினெட்டு. தேடுங்க நைஜல். தேடுங்க. அங்கதான் இருக்கு.

கெடைச்சிடுச்சு! மொகம் மலர்ந்து போச்சு. ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்திரெண்டுன்னாரு. வெல்லிங்டன் பிரபுவோட இறுதி ஊர்வலம். பத்து லட்சம் ஜனம் வந்துச்சாம். வெங்கலத்துல வண்டி பண்ணியிருந்தாங்களாம், அத்தனை கனத்துக்கு நடுத்தெருச் சேத்துல சக்கரம் பொதைஞ்சுடுச்சாம். கல்யாணக் கோட்டும் கையுமா அங்கயே பாடம். பொண்ணு வேற தலையை ஆட்டி ஆட்டிக் கேக்கறா, பாவம், பழகிக்கட்டும். நான் பொறுத்துக்கிட்டேன். அவரு இன்னும் நிறுத்தலை. ஆங், இன்னொண்ணு இருக்குன்னாரு. நான் ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு, மொத உலகப் போர்ல, பிரான்சுல நடந்த சோம் சண்டை முடிஞ்ச நாள்னாரு.

அதோட நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் வருஷமே இல்லாத மாதிரி. இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம் இல்லையா? இருபதுகள், நாப்பதுகள், அறுபதுகள்னு நடந்து, எழுபதுகள் வரைக்கும் வந்திருந்தா போதும். வரலை. அப்புறம் என்ன பண்ணாருங்கறீங்க? வாடகைக்கு எடுத்த அந்த உசரத் தொப்பி கையிலதானே இருந்துச்சு, அதை அப்படியே மேல தூக்கி, ஜன்னல்ல நிக்கற என்னைப் பாத்து ஆட்டினாரு. பிரபுவை ஞாபகம் வச்சிருந்தியே டோரின், சபாஷ்ங்கற மாதிரி.

நானும் கையை ஆட்டினேன். வேற என்ன பண்றது?

எழுபதுகள்ல என்னன்னா கேக்கறீங்க? ஒண்ணும் பெருசா இல்ல. எழுபத்தெட்டு, நவம்பர் பதினெட்டு. அன்னைக்கும் சனிக்கிழமை. நசநசன்னு மழை. இதே கோயில், இதே வாசல், மேல இதே ஆறு மணி. தோல் கட்டலை. பெர்சிதான் பெரிய மணி, அப்ப அவருக்கு முதுகு நேரா இருந்துச்சு. மாப்பிள்ளையும் அதேதான். பொண்ணு மட்டும்தான் வேற.

உங்ககிட்ட யாரும் சொல்லலியா? சொல்லமாட்டாங்க. நான் பாஷம்னு பழைய பேருக்குத் திரும்பினதும் ஊரே அந்தப் பேருக்குத் திரும்பிடுச்சு. நாகரிகம். அவரோட மொதக் கல்யாணத்தைப் பத்தி விசாரிச்சிருப்பீங்கல்ல, என்ன சொன்னாரு? ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, சுமுகமா முடிஞ்சுதுன்னா? அழகு. வெள்ளைக் கப்பலைப் பத்தி ஒன்றரை மணி நேரம் பேசுவாரு. வேணும்னே எங்க தேதியிலயே இந்தக் கல்யாணத்தை வச்சிருந்தா, சத்தியமா, நான் ஏணியில ஏறியிருக்க மாட்டேன். நம்மளைக் குத்தறதுக்காவது நெனச்சாரேன்னு படுத்துத் தூங்கியிருப்பேன்.

வீட்டை அவரு எடுத்துக்கிட்டாரு, நாயையும். மணியை நான் எடுத்துக்கிட்டேன். இப்ப நீங்க வந்திருக்கீங்க.

இன்னும் ஒரு கப் இருக்கு, ஊத்தட்டுமா? சாவி அந்தா, பெர்சி நாற்காலி மேல கழட்டி வச்சுட்டேன். பூட்டுக்குள்ள விட்டு, கொஞ்சம் மேல தூக்கின மாதிரி திருப்பணும். இல்லைன்னா திறக்காது.